சிகரெட் கம்பெனி வெளியிட்ட ராக் இசைத்தட்டு

சிம்லா என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் ஊர்தான் ஞாபகம் வரும். 1970-ல் பம்பாயிலோ மெட்ராஸிலோ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு முதலில் சிகரெட் ஞாபகம் வந்திருக்கும். அடுத்தது எலெக்ட்ரிக் கிடார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? கம்பெனிதான் சம்பந்தம். சிம்லா என்ற சிகரெட்டை விற்பதற்காக இம்பீரியல் டொபாக்கோ நடத்திய ராக் இசைப்போட்டியின் பெயர் 'அகில இந்திய சிம்லா பீட் போட்டி'. அந்தப் போட்டிக்கு வந்த குழுக்களின் பாடல்களைத் தொகுத்து 'சிம்லா பீட் 70', 'சிம்லா பீட் 71' என்று இரண்டு எல்.பி. இசைத்தட்டுகள் வந்தன. இந்தியாவில் கராஜ் ராக் என்று ஒன்று இருந்ததற்குக் காதால் கேட்கக்கூடிய சாட்சிகளில் முக்கியமானவை இந்த இரண்டு தட்டுகள்தான்.

இம்பீரியல் டொபாக்கோ யார் என்று கேட்பவர்களுக்கு: 1910-ல் கல்கத்தாவில் தொடங்கிய கம்பெனி. 1970-ல் இந்தியா டொபாக்கோ கம்பெனி ஆனது, 1974-ல் பெயரைச் சுருக்கி ஐ.டி.சி. ஆனது. இன்றைக்குக் கோதுமை மாவு, பிஸ்கட், நோட்டுப் புத்தகம் எல்லாம் விற்கிறதே, அதே ஐ.டி.சி.தான். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் அதன் அட்டை ஆலைகூட இருக்கிறது. (சத்தி, கோபி, பவானி பக்கம் விளையும் புகையிலைக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. இங்கே விளைவது வாயில் போட்டு மெல்லும் ரகம். சிகரெட்டுக்கான புகையிலை ஆந்திரா, கர்நாடகத்துச் சரக்கு.)

போட்டி நடந்த இடம்தான் பெரிய வேடிக்கை. பம்பாய் கிங்ஸ் சர்க்கிளில் இருக்கும் சண்முகானந்தா ஹால். பெயரைப் பார்த்தாலே தெரியும், மாட்டுங்கா பக்கத்துத் தமிழர்கள் கர்நாடக இசைக்காகக் கட்டிய சபா அது. சங்கம் தொடங்கியது 1952-ல், ஹால் திறந்தது 1963-ல். எம்.எஸ். பாடிய மேடையில் சில வருடங்களில் நீளமுடிப் பையன்கள் ஆம்ப்ளிஃபயரை அலறவிட்டார்கள். முன்வரிசையில் எந்த மாமாவாவது தெரியாமல் வந்து உட்கார்ந்திருந்தால் அவர் பாடு என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான்!

வந்த குழுக்கள் நாட்டின் நாலு மூலையிலிருந்தும் வந்தன. ஷில்லாங்கிலிருந்து ஃபென்டோன்ஸ். கல்கத்தாவிலிருந்து கிரேட் பேர். பெங்களூரிலிருந்து டைனசார்ஸ். மெட்ராஸிலிருந்து கன்ஃப்யூஷன்ஸ். பெயர்களைப் பாருங்கள், ஒன்றிலாவது சாமி பெயரோ ஊர்ப் பெயரோ இல்லை. 'குழப்பங்கள்' என்று தன் குழுவுக்கே பெயர் வைத்துக்கொண்ட மெட்ராஸ் பையன்களின் பாட்டு 'வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்'. அந்தத் தொகுப்பில் அதிகம் பேசப்பட்ட பாட்டுகளில் அதுவும் ஒன்று.

சரி, கராஜ் ராக் என்றால் என்ன என்று சொல்லிவிட்டு மேலே போவதுதான் முறை. 1964-ல் பீட்டில்ஸ் அமெரிக்காவுக்குப் போய் டி.வி.யில் வாசித்தார்கள். அதைப் பார்த்த அமெரிக்கப் பள்ளிப் பையன்கள் ஆயிரக்கணக்கில் கிடார் வாங்கினார்கள். ஒத்திகை பார்க்க இடம் வேண்டுமே? அப்பாவின் காரை வெளியே தள்ளிவிட்டுக் கார் ஷெட்டில் வாசித்தார்கள். அந்த ஷெட்டுக்கு அங்கே கராஜ் என்று பெயர், அந்த இசைக்கும் அதுவே பெயரானது. இசை படித்தவர்கள் கிடையாது. மூன்று கார்டு, நாலு பேர், காட்டுக்கத்தல். ஊர் ரெக்கார்டு கம்பெனியில் ஒரு சிங்கிள் போடுவார்கள், ஊர் ரேடியோவில் ஓடும், பிறகு கல்லூரிக்கோ ராணுவத்துக்கோ போய்விடுவார்கள். அவ்வளவுதான் ஆயுசு.

அந்த ஓசைக்கு ஒரு தனி அடையாளம் உண்டு, ஃபஸ். கிடாரிலிருந்து வரும் மின் அலையை, சுற்று தாங்கும் அளவுக்கு மேல் பெருக்கினால் அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். வளைந்து போக வேண்டிய அலை சதுரமாகி, ஓசை கரகரவென்று வண்டு குடைகிற மாதிரி மாறும். மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் செட்டுக்காரர் வால்யூமை முழுக்கத் திருப்பும்போது எல்.ஆர். ஈஸ்வரி குரல் கிழியுமே, அதே சமாச்சாரம்தான். நமக்கு அது கோளாறு. கராஜ் குழுக்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

இந்தியாவில் இதைச் செய்வது சுலபமில்லை. முதல் தடை கேட்பதற்கே. 1952-ல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டையே ஒதுக்கி வைத்திருந்தது. அந்த இடத்தை இலங்கை வானொலி பிடித்துக்கொண்டது. இந்திக்கும் தமிழுக்கும் மட்டுமில்லாமல் ஆங்கிலப் பாட்டுக்கும் அதுதான் ஜன்னல். இரண்டாவது தடை கருவி. அந்நியச் செலாவணிப் பஞ்ச காலம். வெளிநாட்டுக் கிடார் இறக்குமதி என்பது பணமும் லைசென்சும் சேர்ந்த பிரச்சினை. உள்ளூரில் கல்கத்தாவில் செய்த கிவ்சன் கிடார் கிடைத்தது. (அமெரிக்காவின் பிரபல கிப்சன் கிடாரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினால் கிவ்சன். மார்க்கெட்டிங் பாடத்தில் உதாரணமாக வைக்கலாம்.) ஆம்ப்ளிஃபயர் கிடைக்காதவர்கள் ரேடியோ மெக்கானிக்கைப் பிடித்துச் செய்துகொண்டார்கள்.

மூன்றாவது தடையைப் பற்றி இந்த இசையின் ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. இது யாருடைய இசை? ஆங்கிலம் புழங்கும் வீடு, கான்வென்ட் படிப்பு, கிடார் வாங்கித் தரும் அப்பா, பெரிய ஊர். இந்த நாலும் இருந்தவர்களின் இசை. இவர்களோடு ஆங்கிலோ இந்தியர்கள் இருந்தார்கள். இன்ஸ்டிட்யூட்டில் நடக்கும் நடனமும் அதற்கு வாசிக்கும் பேண்டும் ரயில்வே காலனி வாழ்க்கையின் ஒரு பகுதி. கோவைக்குப் பக்கத்துப் போத்தனூர் அப்படிப்பட்ட காலனிதான். அங்கிருந்து பவானி ஆற்றைத் தாண்டிச் சத்தியமங்கலம் வரை வருவதற்குள் அந்த ஓசை முழுக்கத் தேய்ந்துவிடும். 1970-ல் சத்தியில் ஒருவர் எலெக்ட்ரிக் கிடாரைக் கேட்டிருந்தால் பெரும்பாலும் சினிமாப் பாட்டில்தான் கேட்டிருப்பார். 'காதலிக்க நேரமில்லை' வந்தது 1964-ல், 'அதே கண்கள்' 1967-ல். ட்விஸ்ட்டும் கிடாரும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு விஸ்வநாதன் ராமமூர்த்தி வழியாகவும் வேதா வழியாகவும்தான் வந்து சேர்ந்தன. வீட்டில் கார் இருந்தால்தானே கராஜ்!

மெட்ராஸில் நிலைமை வேறு. அண்ணா சாலை சஃபையர் தியேட்டர் வளாகத்தில் நைன் ஜெம்ஸ் என்ற இரவு விடுதி இருந்தது. பின்னாளில் உஷா உதுப் என்று நாடறிந்த பாடகி, காஞ்சிபுரம் பட்டும் பெரிய பொட்டுமாக ஆங்கிலப் பாட்டுப் பாடத் தொடங்கியது 1960களின் கடைசியில் அங்கேதான். மெட்ராஸ்காரரான ரமேஷ் ஷோத்தம் ட்ரம்ஸ் வாசித்த 'ஹ்யூமன் பாண்டேஜ்' அந்தக் காலத்து இந்திய ராக் குழுக்களில் பெயர் வாங்கியது. கல்கத்தாவிலிருந்து வந்த 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகை (1967 முதல் 1977 வரை வந்தது) இந்தக் குழுக்களைப் பற்றி எழுதி ஊருக்கு ஊர் கொண்டுபோனது.

இங்கேதான் சிகரெட் கம்பெனி வருகிறது. ஒரு குழுவுக்கு ஹால், ஒலி அமைப்பு, பயணம், ஸ்டூடியோ நேரம், தட்டு அச்சிடும் செலவு எல்லாம் வேண்டும். ரெக்கார்டு கம்பெனிக்கு இந்தப் பையன்களிடம் லாபம் தெரியவில்லை. சினிமாப் பாட்டு விற்கிற ஊரில் ஆங்கிலத்தில் கத்துகிறவனுக்கு யார் முதல் போடுவார்கள்? சிகரெட் கம்பெனியின் கணக்கு வேறு. அதற்கு இசைத்தட்டு விற்க வேண்டிய அவசியமே இல்லை. இருபது வயதுக்காரன் ஒருவன் பிராண்டு மாறினால் அவன் முப்பது நாற்பது வருடம் வாடிக்கையாளர். தட்டுக்கு ஆன செலவு விளம்பரச் செலவில் போய்விடும். அதனால்தான், எந்த ரெக்கார்டு கம்பெனியும் எடுக்காத முரட்டுப் பாட்டுகள் அந்தத் தட்டுகளில் இடம்பிடித்தன. ஃபென்டோன்ஸ் வாசித்த ஒரு பாட்டின் பெயரே 'சிம்லா பீட் தீம்'. பிராண்டின் பெயரைத் தாங்கிய பாட்டு! விளம்பரத்துக்காகப் பிறந்த அதையே பின்னால் உலகத்துச் சேகரிப்பாளர்கள் தேடித்தேடிக் கேட்டார்கள்.

தட்டுகளில் இருப்பதெல்லாம் உன்னதம் என்று சொன்னால் பொய். சில குழுக்கள் அமெரிக்கப் பாட்டை அப்படியே எடுத்து வாசித்திருக்கின்றன. டைனசார்ஸ் எடுத்தது க்ரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவலின் பாட்டு. சில இடங்களில் பாடகரின் உச்சரிப்பு டெக்சாஸுக்கும் பெங்களூருக்கும் நடுவே எங்கேயோ தொங்குகிறது. ஆனால் கன்ஃப்யூஷன்ஸ், ஃபென்டோன்ஸ் மாதிரி ஆட்கள் சொந்தமாகச் செய்ததில் அந்த வயதின் அவசரம் அப்படியே பதிவாகியிருக்கிறது. அந்த அவசரத்துக்காகத்தான் உலகம் கராஜ் ராக்கைக் கேட்கிறது.

அதன் பிறகு என்ன ஆனது? 1970களின் தொடக்கத்தோடு போட்டி நின்றது. 1973-ல் பெட்ரோல் விலை ஏறியது. இசைத்தட்டு என்பது பி.வி.சி., அதுவும் பெட்ரோலியப் பொருள்தான். 1975-ல் எமர்ஜென்சி. பையன்கள் வேலைக்குப் போனார்கள், வெளிநாடு போனார்கள், சிலர் சினிமா ஸ்டூடியோவுக்குப் போனார்கள். மெட்ராஸில் ராக் வாசித்த கைகளுக்குச் சினிமா எப்போதும் வேலை கொடுத்தது. இது பின்னாலும் தொடர்ந்தது. ஏ.ஆர். ரஹ்மானும் சிவமணியும் 'ரூட்ஸ்', 'நெமசிஸ் அவென்யூ' குழுக்களில் வாசித்துவிட்டுத்தான் 1992-க்கு வந்தார்கள். ரமேஷ் ஷோத்தம் பாதை தனி. ட்ரம்ஸ் வாசித்தவர் தவிலும் மிருதங்கமும் கற்றுக்கொண்டு ஜெர்மனி போய்க் கொலோன் நகரில் ஜாஸ்காரர்களோடு வாசித்தார்.

அமெரிக்காவிலும் கராஜ் குழுக்கள் இதே மாதிரி மறக்கப்பட்டவைதான். ஆனால் அங்கே ஒருவர் சீக்கிரமே விழித்துக்கொண்டார். லென்னி கே என்ற இசை எழுத்தாளர் 1965 முதல் 1968 வரை வந்து காணாமல் போன சிங்கிள்களில் 27-ஐப் பொறுக்கி, 1972-ல் எலெக்ட்ரா கம்பெனி மூலம் 'நகெட்ஸ்' என்ற இரட்டை எல்.பி. ஆக்கினார். அதன் அட்டைக் குறிப்பில் இந்த இசையை 'பங்க் ராக்' என்று எழுதினார். அந்தத் தட்டு 1976-ல் சைர் கம்பெனி மூலம் மறுபடி வந்தது. அதே வருடம்தான் நியூயார்க்கிலும் லண்டனிலும் பங்க் வெடித்தது. லென்னி கே-யே அதற்குள் பாட்டி ஸ்மித் குழுவில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். அதாவது நாலைந்து வருடம் முந்தைய குப்பை என்று தூக்கிப் போட்டதை ஒருவர் மறுவெளியீடு செய்தார், அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் புதிய தட்டு போட்டார்கள். கராஜ் ராக்கில் மறுவெளியீடு என்பது பழசை நினைத்துப் பெருமூச்சு விடுகிற வேலை இல்லை. அடுத்த குழுவுக்கான விதைநெல் அது.

இந்தியாவில் அந்த விதைநெல் முளைக்க முப்பது வருடம் ஆனது. முளைத்ததும் இங்கே இல்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் கியூ.டி.கே. என்ற சிறிய கம்பெனி, ஆசிய சைகடெலிக் இசைத் தொகுப்பு ஒன்றில் கன்ஃப்யூஷன்ஸையும் ஃபென்டோன்ஸையும் சேர்த்தது. ஜப்பான், கொரியா, துருக்கிக் குழுக்களோடு ஒரு மெட்ராஸ் குழு! பிறகு சிம்லா பீட் 70-ம் 71-ம் சேர்ந்தே மறுவெளியீடாக வந்தன. அமெரிக்காவின் நவ்-அகெய்ன் கம்பெனி, பம்பாய்க் குழுவான அடாமிக் ஃபாரஸ்ட்டின் 1977-ம் வருடத்து 'அப்செஷன் 77' தட்டை, வெளிவராத பதிவுகளோடு சேர்த்து 2011-ல் வெளியிட்டது. இந்த வரலாற்றைப் புத்தகமாக எழுத சித்தார்த் பாட்டியா வந்தார். 'இந்தியா சைகடெலிக்' 2014-ல் வந்தது, ஆங்கிலத்தில்.

இதில் நன்மை எவ்வளவோ அதே அளவுக்கு ஒரு நெருடலும் இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிகள் எடுக்காவிட்டால் இந்தப் பாட்டுகள் பழைய பேப்பர் கடையோடு போயிருக்கும். அதை மறுக்க முடியாது. ஆனால் கேட்டவர்கள் யார்? பெர்லினிலும் லண்டனிலும் இருந்த சேகரிப்பாளர்கள். 2000களில் சென்னையில் கராஜ் ராக் என்று தேடியவனுக்குக் கிடைத்தது ஸ்ட்ரோக்ஸும் வைட் ஸ்ட்ரைப்ஸும்தான். முப்பது வருடம் முன்பு தன் ஊரிலேயே ஒரு குழு ஃபஸ் கிடாரோடு தட்டு போட்டிருக்கிறது என்பதை அவனுக்குச் சொல்ல ஒரு கடையில்லை, ஒரு ரேடியோவில்லை. அமெரிக்காவில் நாலு வருடத்தில் சேர்ந்த சங்கிலி இங்கே அறுந்தே கிடந்தது. ஒவ்வொரு தலைமுறையும் தன்னைத்தான் முதல் ஆள் என்று நினைத்துக்கொண்டது.

புதிய குழுக்கள் வராமல் இல்லை. 2006-ல் சென்னையில் தொடங்கிய 'ஸ்க்ராட்' தன்னைக் கராஜ் ராக் குழு என்றே சொல்லிக்கொண்டது. அடையாறில் இருந்த அன்வைண்ட் சென்டர் மாதிரி இடங்கள்தான் 2000களில் இப்படிப்பட்ட குழுக்களுக்கு மேடை. 2017-ல் வந்த ஸ்க்ராட்டின் தட்டுக்குப் பெயர் 'பைசன்'. (காட்டெருமை என்றால் சத்திக்காரர்களுக்குத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள்தான் ஞாபகம் வரும். அதன் எதிரே பைக்கை நிறுத்தியவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும்.) சிகரெட் கம்பெனியும் வேண்டாம், ரெக்கார்டு கம்பெனியும் வேண்டாம் என்ற நிலைமை வந்துவிட்டது. 2008-ல் தொடங்கிய பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் குழுவே தன் பாட்டை ஏற்றி, தானே விலை வைத்து விற்கலாம். டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு பொதுவாக 15 சதவீதம்.

பங்க் என்பதை ஓசையாகப் பார்க்காமல் குணமாகப் பார்த்தால், அதற்குத் தமிழில் மிகப் பக்கத்தில் வந்தது ஸ்க்ராட் இல்லை. 2018 சனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். சாவு வீட்டுக் கானாவுக்குப் பக்கத்தில் எலெக்ட்ரிக் கிடார். சிம்லா பீட் பையன்கள் யாருக்கும் தங்கள் தாய்மொழியில் கத்தத் தோன்றவில்லை. கான்வென்ட் வாசலில் நின்றுபோன ஓசை வியாசர்பாடிப் பக்கம் போய்ச் சேர ஏறத்தாழ ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது.

பழைய தட்டுகளுக்கு வருவோம். அவை யாருக்குச் சொந்தம்? 1957-ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை அதைப் பதிவு செய்ய முன்கை எடுத்துப் பொறுப்பேற்ற தயாரிப்பாளருக்கு. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 வருடம். முதலில் 50-ஆக இருந்ததை 1992-ல் 60 ஆக்கினார்கள். வாசித்தவர்களுக்கென்று தனி உரிமை இந்தியச் சட்டத்தில் வந்ததே 1994-ல்தான், ராயல்டி என்ற பேச்சு 2012 திருத்தத்தில்தான். 1970-ல் சண்முகானந்தா மேடையில் நின்ற கிடார்காரனுக்கு வாசித்ததற்கான உரிமை என்று ஒன்றுமே சட்டத்தில் கிடையாது.

ஆனால் மெட்டும் வரியும் வேறு கணக்கு. சொந்தமாக மெட்டமைத்து எழுதியவருக்கு, அவர் எழுதிக் கொடுத்துவிடாத வரை, வாழ்நாள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 வருடமும் உரிமை உண்டு. அன்றைக்கு இருபது வயது என்றால் இன்றைக்கு எழுபதைத் தாண்டியிருப்பார்கள். சொந்தப் பாட்டு எழுதியவர் எங்காவது ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இருக்கலாம். ஜெர்மனியில் ஒருவர் காசு கொடுத்துத் தன் பாட்டை வாங்குகிறார் என்பதே தெரியாமலும் இருக்கலாம்.

இதே போட்டியை இன்றைக்கு யாராவது நடத்த நினைத்தால் சட்டம் விடாது. 2003-ல் இயற்றி 2004 மே 1 முதல் அமலான புகையிலைப் பொருட்கள் சட்டம், சிகரெட் பிராண்டின் பெயரில் நிகழ்ச்சி நடத்துவதையும் பரிசு கொடுப்பதையும் தடை செய்துவிட்டது. அது சரியான சட்டம்தான், அந்தப் பையன்களில் எத்தனை பேர் நுரையீரலைக் கம்பெனிக்குக் கொடுத்தார்களோ! இசைத்தட்டுக்கு அந்தத் தடை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வக்கீல்கள் பேச வேண்டிய விஷயம். பழைய பெயரை அட்டையில் போடாமல் சிம்லா பீட்டை இந்தியாவில் மறுவெளியீடு செய்யவும் முடியாது, ஏனென்றால் அதற்கு வேறு பெயரே இல்லை. முதல் தட்டு 1970-லேயே வெளியானது என்று வைத்துக்கொண்டால் அதன் ஒலிப்பதிவு உரிமை 2030 டிசம்பர் 31-ல் முடிகிறது. இரண்டாவதற்கு ஒரு வருடம் கூட.